தொப்புள்கொடியை எப்போது வெட்டுவது: 1 நிமிடமா, 3 நிமிடமா? லேபர் ரூம் தாளுக்கு விளக்கம் வேண்டும்

லேபர்ரூம்_சிஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். லேபர் ரூம் சுவரில் ஒட்ட ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்கிறோம். புதிதாகப் பணிக்கு வரும் ஸ்டாஃப் நர்ஸ் பார்த்த உடனே புரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் முதல் வரியிலேயே நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1 நிமிடத்துக்கு முன் கிளாம்ப் (கொடியை இறுக்கும் கவ்வி) போட வேண்டாம், 1 முதல் 3 நிமிடம் வரை பொறுங்கள் என்கிறது. ரத்தசோகை ஒழிப்புக்கான நம் மத்திய அரசுத் திட்டத்தில் குறைந்தது 3 நிமிடம், அல்லது கொடியில் துடிப்பு அடங்கும் வரை என்று இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு குறைந்தது 30 முதல் 60 நொடி என்கிறது. தாளில் எந்த எண்ணைப் போடுவது?

கூடவே இவையும் தெளிவாக வேண்டும்: நேரத்தை எந்த நொடியிலிருந்து எண்ணுவது, குழந்தையை அதுவரை எங்கே வைப்பது, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை கிளாம்புக்கு முன் போடலாமா, குழந்தை அழவில்லை என்றால் என்ன, சிசேரியனில் எப்படி, மஞ்சள் காமாலை கூடும் என்று பயப்படுபவர்களுக்கு என்ன சொல்வது.

மகப்பேறு_நெல்லை

நல்ல வேலை சிஸ்டர். முதலில் எண். நிறைமாதத்தில் பிறந்து, நன்றாக அழுது, தாயும் நலமாக இருந்தால் "3 நிமிடம்" என்றே எழுதுங்கள். "அவசர நிலை தவிர, நல்ல குழந்தைக்கு 1 நிமிடத்துக்குக் குறையக் கூடாது" என்று அடுத்த வரியில் போடுங்கள். மூன்று அமைப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரிந்தாலும், பிறந்ததும் வெட்டாதே என்பதில் எல்லோரும் ஒன்றுதான். ரத்தசோகை மிகுந்த நாட்டில் நேரத்தின் மேல்முனையைப் பிடிப்பதே சரி. தேசிய குடும்பநல ஆய்வின் 5-ஆவது சுற்றில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் இந்தியாவில் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நமக்கு ஒவ்வொரு மில்லியும் கணக்கு.

எவ்வளவு ரத்தம் என்பதைத் தாளில் ஒரு மூலையிலாவது போடுங்கள். காரணம் தெரிந்தால்தான் பொறுமை வரும். பிரசவ நேரத்தில் குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடிப் பக்கம் நிற்கிறது. பிறந்த 1 நிமிடத்தில் சுமார் 80 மி.லி., 3 நிமிடத்தில் சுமார் 100 மி.லி. குழந்தைக்குள் போய்ச் சேரும். 80 மி.லி. என்றால் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. 3 கிலோ குழந்தையின் உடலிலுள்ள மொத்த ரத்தமே 250 மி.லி. அளவுதான் என்று நினைத்துப் பாருங்கள்.

இரும்புச்சத்துக் கணக்கும் எளிது. 100 மி.லி. ரத்தத்தில் 17 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொண்டால், 80 மி.லி.யில் 13.6 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு, ஆக 46 மி.கி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பாலிலிருந்து ஒரு நாளைக்குக் கிடைப்பது 0.27 மி.கி. அளவே. அதாவது, அந்த ஒரு நிமிடம் தருவது ஏறத்தாழ 170 நாள் தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று நாம்தான் சொல்கிறோம். அந்த 6 மாதத்துக்கான கட்டுச்சோறு இந்தக் கொடி வழியாகத்தான் வருகிறது. ஸ்வீடனில் 2011-இல் வெளியான ஆய்வில், 3 நிமிடம் பொறுத்த குழந்தைகளில் 4-ஆவது மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு 0.6 சதவீதம், 10 நொடிக்குள் வெட்டியவர்களில் 5.7 சதவீதம். நேபாளத்தில் 2017-இல் 540 குழந்தைகளை வைத்துச் செய்ததில், 8-ஆவது மாதத்தில் ரத்தசோகை பொறுத்து வெட்டியவர்களில் 73 சதவீதம், சீக்கிரம் வெட்டியவர்களில் 82. வித்தியாசம் தெரிகிறது. ஆனால் கொடி ஒன்றே ரத்தசோகையைப் போக்கிவிடாது என்பதும் அந்த 73-லிருந்து தெரிகிறது. 6-ஆவது மாதத்திலிருந்து இரும்புச்சத்து சிரப் வாரம் இரண்டு முறை 1 மி.லி. கொடுப்பது தொடர வேண்டும்.

நேரத்தை எண்ணுவது: தலை வந்த நொடியிலிருந்து அல்ல, பாதம் உட்பட முழு உடலும் வெளியே வந்த நொடியிலிருந்து. அந்த நொடியில் உதவியாளர் நேரத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அதன்பின் 1 நிமிடம், 2, 3 என்று சொல்லிக்கொண்டே வரட்டும். மனதுக்குள் எண்ணினால் 40 நொடியே 2 நிமிடமாகத் தோன்றும்.

வைக்கும் இடம்: தாயின் வயிற்றின் மேல், உலர்ந்த துணியில், குப்புற, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி. முன்பெல்லாம் குழந்தையை நஞ்சுக்கொடிக்குக் கீழே தாழ்த்திப் பிடிக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ரத்தம் திரும்பிப் போய்விடும் என்று. அர்ஜென்டினாவில் 2014-இல் குழந்தைகளின் எடையை வைத்து அளந்தார்கள். 2 நிமிடத்தில் தாழ்த்திப் பிடித்தவர்களுக்கு 56 கிராம், தாயின் வயிற்றில் வைத்தவர்களுக்கு 53 கிராம் கூடியது. 3 கிராமுக்காக வழுக்கும் குழந்தையைக் கையில் தொங்கவிட வேண்டியதில்லை. கொடி குட்டையாக இருந்து மார்பு வரை எட்டவில்லை என்றால் அடிவயிற்றிலேயே வையுங்கள், இழுக்காதீர்கள்.

ஆக்ஸிடோசின்: 10 யூனிட், தொடையில் தசை ஊசி, பிறந்த 1 நிமிடத்துக்குள், வயிற்றைத் தொட்டுப் பார்த்து இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகு. கிளாம்புக்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள், ஊசிக்காக கிளாம்பை முந்தாதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. தாய்க்கு ரத்தப்போக்கு கூடுமா என்ற பயத்துக்கு இதுவே பதில். 3,900-க்கும் மேற்பட்ட தாய்மார்களை உள்ளடக்கிய 2013-ஆம் ஆண்டு தொகுப்பாய்வில், சீக்கிரம் வெட்டினாலும் தாமதித்து வெட்டினாலும் பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்கில் வித்தியாசம் இல்லை. கொடியை இழுத்து நஞ்சை (நஞ்சுக்கொடியை) எடுப்பது மட்டும் கிளாம்ப் போட்ட பிறகு.

துடிப்பு அடங்கும் வரை என்பதை நான் தாளில் எழுத மாட்டேன். விரலில் தெரியும் துடிப்பு தமனியுடையது. குழந்தைக்கு ரத்தம் வருவது சிரை வழியாக. துடிப்பு நின்ற பிறகும் சிரையில் ஓட்டம் இருப்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். கடிகாரம்தான் நம்பகமானது.

பச்சிளங்குழந்தை_வார்டு

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன்: கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் மூச்சைப் பாருங்கள். 3 நிமிடம் என்று தாளில் இருக்கிறதே என்பதற்காக மூச்சு விடாத குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றால், நல்லதுக்குச் செய்தது கேடாகிவிடும்.

பிறந்ததும் துடையுங்கள், ஈரத்துணியை உருவி எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் போர்த்துங்கள், முதுகில் இரண்டு மூன்று முறை தேயுங்கள். இதெல்லாம் கொடியோடு இருக்கும்போதே. அதற்குள் அழுதுவிட்டால் 3 நிமிடம். 30 நொடியிலும் அழவில்லை, அல்லது மூச்சு வாங்கித் திணறுகிறது, உடல் துவண்டிருக்கிறது என்றால் உடனே கிளாம்ப் போட்டு வெட்டி வார்மருக்கு (சூடு தரும் மேசை). 1 நிமிடம் முடிவதற்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 வீதம். கொடியோடு வைத்தே தாயின் பக்கத்தில் மூச்சு கொடுக்கும் முறை சில பெரிய மையங்களில் உண்டு. அதற்குத் தனி மேசையும் பயிற்சியும் வேண்டும். அது இல்லாத இடத்தில் முயல வேண்டாம்.

மூச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வயிற்றுக்குள் இருக்கும்போது இதயத்தின் இடப்பக்கத்துக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி தொப்புள் சிரை வழியாகத்தான் வருகிறது. குழந்தை மூச்சு விட்டு நுரையீரல் விரிந்தால் அங்கிருந்து ரத்தம் வந்து அந்த இடத்தை நிரப்பும். நுரையீரல் விரியும் முன் கொடியை அடைத்துவிட்டால் இதயத்துக்குக் கொடியிலிருந்தும் வரத்து இல்லை, நுரையீரலிலிருந்தும் இல்லை. துடிப்பு சட்டென்று குறையும். ஆட்டுக்குட்டிகளில் 2013-இல் இதை அளந்து காட்டினார்கள். நன்றாக அழுது மூச்சு நிலைத்த பிறகு வெட்டினால் அந்தச் சரிவு இல்லை.

குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் பெரிது. 37 வாரத்துக்கு முன் பிறந்து, உடனே மூச்சு உதவி தேவைப்படாத குழந்தைக்குக் குறைந்தது 60 நொடி. 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், உடனே வெட்டிய குறைமாதக் குழந்தைகளில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் சுமார் 8 சதவீதம், தாமதித்தவர்களில் 6. அந்த 60 நொடியில் குழந்தை குளிர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். அறை 25 முதல் 28 டிகிரி, ஃபேன் நிறுத்தியிருக்க வேண்டும், 32 வாரத்துக்குக் குறைந்தால் கழுத்துவரை பிளாஸ்டிக் உறை, தலைக்குத் தொப்பி.

காத்திருக்க நேரமில்லை என்று கொடியைப் பிழிந்து ரத்தத்தைத் தள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அதைச் செய்யவே கூடாது என்று தாளில் சிவப்பில் எழுதுங்கள். 20 செ.மீ. கொடியை 2 நொடியில் உருவி, நான்கு முறை செய்து பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வில், 23 முதல் 27 வாரக் குழந்தைகளில் மூளையில் கடுமையான ரத்தக்கசிவு 22 சதவீதம். தாமதித்து வெட்டியவர்களில் 6. அந்தப் பிரிவில் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வயதில் மூளையின் நுண்குழாய்கள் திடீர் அழுத்தத்தைத் தாங்காது. 35 வாரத்துக்கு மேல், துவண்டு பிறந்த குழந்தைக்கு மட்டும் பிழிவதால் பலன் இருக்கலாம் என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் பயிற்சி பெற்ற மருத்துவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

மஞ்சள் காமாலை பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும், கூடத்தான் செய்யும், ஆனால் கொஞ்சம். அதே 2013 தொகுப்பாய்வில் விளக்கு வெளிச்ச சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சீக்கிரம் வெட்டியவர்களில் 3 சதவீதத்துக்குக் கீழ், தாமதித்தவர்களில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு குழந்தைக்கு ஒன்றிரண்டு கூடுதல். அதற்காக 46 மி.கி. இரும்பை விட்டுக்கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் விளக்கு இல்லாத, இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பும் இடம் என்றால் 3-ஆம், 5-ஆம் நாள் யார் குழந்தையைப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால், அல்லது 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால், அன்றே ரத்தப் பரிசோதனை. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று காத்திருக்க விடாதீர்கள்.

இன்னொன்று, ரத்தம் அடர்த்தியாவது. சர்க்கரை நோய் உள்ள தாயின் குழந்தைக்கும், வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் இது முன்பே வரக்கூடியது. தாமதித்தல் அவர்களுக்கு விலக்கு அல்ல, கவனம் கூட வேண்டும் அவ்வளவே. அவர்களுக்கு 2 மணி நேரத்தில் சிரை ரத்தத்தில் ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கூடவே சர்க்கரை. 65 சதவீதத்துக்கு மேல் இருந்து, குழந்தை நடுங்குகிறது, பால் குடிக்கவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால் மேல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் கூடுதலாகக் காட்டும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பயிற்சி_சிஸ்டர்_மதுரை

டாக்டர்கள் இருவரும் ஏன் என்பதைச் சொல்லிவிட்டார்கள். நடைமுறையில் எங்கே தவறுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெரும்பாலும் தவறுவது ஆள் இல்லாததால். ஒருவரே குழந்தையைப் பிடித்து, ஊசி போட்டு, நேரமும் பார்ப்பது நடக்காது. பிரசவம் பார்ப்பவர், உதவுபவர் என்று இருவர். ஊசியும் கடிகாரமும் உதவுபவருக்கு. ஊசி மருந்தைத் தலை தெரியும்போதே சிரிஞ்சில் ஏற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது வெட்டும் இடம். முதல் கிளாம்ப் வயிற்றிலிருந்து 2 செ.மீ., இரண்டாவது 5 செ.மீ., நடுவில் சுத்தமான கத்தரிக்கோல். தோலை ஒட்டிப் போட்டால் தோலே மாட்டிக்கொள்ளும். கொடி தடித்து வழவழப்பாக இருந்தால் கிளாம்ப் நழுவும், அல்லது சில மணி நேரத்தில் கொடி சுருங்கிப் பிடி தளரும். அதனால் வெட்டியதும் ஒரு முறை, பின் 15 நிமிடத்துக்கொரு முறை முதல் ஒரு மணி நேரம் நுனியில் ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் பழையதைக் கழற்றாமல் அதற்கும் வயிற்றுக்கும் நடுவில் இன்னொன்று. தீவிர சிகிச்சைக்குப் போகும் குறைமாதக் குழந்தை என்றால் தொப்புளில் குழாய் போட வேண்டியிருக்கும், கொடியை நீளமாக விடுங்கள். வெட்டிய இடத்தில் எதுவும் பூச வேண்டாம். மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும்.

கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் பதற்றத்தில் தோள் வரும் முன்பே வெட்டிவிடுவது வழக்கமாக நடக்கிறது. மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று வெளியே சொல்வார்கள், உண்மையில் ஆகாமல் போவது குழந்தைக்கு. கொடி இறுகும்போது முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைதான். தமனி வழியாக ரத்தம் நஞ்சுக்குப் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. அந்தக் குழந்தை ஏற்கனவே ரத்தம் குறைந்து வெளுத்து வருகிறது, அதற்குத்தான் காத்திருப்பு அதிகம் தேவை. தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் தலையைத் தாயின் தொடையோடு ஒட்டிப் பிடித்து, உடல் குட்டிக்கரணம் போடுவதுபோல் வெளியே வரவிட்டு, பிறகு சுற்றைக் கழற்றுங்கள். தோள் மாட்டிக்கொண்ட நிலையில் கொடியை முன்பே வெட்டியிருந்தால் குழந்தைக்கு எந்த வழியிலும் ஆக்ஸிஜன் இல்லை.

சிசேரியனில் 60 நொடி நன்றாகவே முடியும். குழந்தையைத் தாயின் தொடைகளுக்கு மேல், ஸ்டெரைல் துணியில் சுற்றி வைத்து உதவி மருத்துவர் பிடித்துக்கொள்வார். அதற்குள் ஆக்ஸிடோசின் போகும், கர்ப்பப்பை வெட்டின் ஓரத்தில் ரத்தம் பீச்சும் இடங்களில் கிரீன் ஆர்மிடேஜ் இடுக்கி போட்டுக்கொள்வார்கள். 2019-இல் அமெரிக்காவில் திட்டமிட்ட 113 சிசேரியன்களில் 60 நொடியையும் 15 நொடியையும் ஒப்பிட்டபோது தாயின் ஹீமோகுளோபின் இறக்கத்தில் வித்தியாசம் இல்லை. தியேட்டர் ஏ.சி.யின் குளிரைக் குறைப்பதுதான் மறந்துபோகும் வேலை. குழந்தை வெளியே வரும்போதே சூடாக்கிய துணி தயாராக இருக்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாத இடங்களையும் தாளில் போடுங்கள்: தாய் மயங்கிச் சரிந்தாலோ கடும் ரத்தப்போக்கு என்றாலோ, நஞ்சு முன்பே பிரிந்துவிட்டால், கீழிறங்கிய நஞ்சிலிருந்து ரத்தம் கொட்டினால், கொடி அறுந்தால். கொடி அறுந்தது தெரிந்த உடன் குழந்தைப் பக்க நுனியை விரலால் நசுக்கிப் பிடித்து கிளாம்ப் போடுங்கள், பிறகு குழந்தைக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரிலும் காத்திருக்க வேண்டாம், ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போகும் வழி அங்கே திறந்திருக்கிறது.

லேபர்ரூம்_சிஸ்டர்

மூவருக்கும் மிக்க நன்றி, தாள் பாதி முடிந்துவிட்டது. மூன்று சந்தேகம் பாக்கி. தாய் எச்.ஐ.வி. உள்ளவர் என்றால்? நெகட்டிவ் ரத்தப் பிரிவு என்றால்? ஸ்டெம் செல் சேமிக்கப் பணம் கட்டிவிட்டோம், சீக்கிரம் வெட்டுங்கள் என்று குடும்பத்தார் கேட்டால்?

மகப்பேறு_நெல்லை

எச்.ஐ.வி.: அதே நேரம்தான். தாமதிப்பதால் கிருமி கூடுதலாகத் தொற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை, உலக சுகாதார நிறுவனமும் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. வெட்டும்போது ரத்தம் தெறிக்காமல் இருக்க இரண்டு கிளாம்புக்கும் நடுவிலுள்ள கொடியை காஸ் துணியால் மூடிக்கொண்டு வெட்டுங்கள்.

ஸ்டெம் செல்: பொறுத்து வெட்டினால் சேகரிக்கக் கிடைக்கும் ரத்தம் குறையும், உண்மை. அந்தப் பைக்குப் போவது இந்தக் குழந்தைக்கு இன்றைக்கே தேவைப்படும் ரத்தம் என்பதைப் பெற்றோரிடம் அப்படியே சொல்லுங்கள். வணிக ரீதியான கொடி ரத்தச் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. இந்தப் பேச்சை வலி வந்த பிறகு லேபர் ரூமில் பேச முடியாது, 32-ஆவது வாரச் செக்கப்பிலேயே பேசிவிட வேண்டும். குடும்பத்தில் ஏற்கனவே ஒரு குழந்தைக்கு ரத்த நோய் இருந்து, மருத்துவரே கேட்டிருந்தால் அது வேறு.

நெகட்டிவ் பிரிவு: தாமதிக்கலாம். தாயின் ரத்தத்தில் குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால் மட்டும் குழந்தை மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும், காமாலையை மணிக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும். அங்கேயும் குழந்தைக்கு ரத்தசோகைதான் முதல் ஆபத்து, எனவே வெட்ட அவசரப்பட வேண்டாம்.

குழந்தையின் ரத்தப் பிரிவுக்கும் கூம்ஸ் பரிசோதனைக்கும் (சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) கொடி ரத்தம் எடுப்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். கிளாம்ப் போட்டு வெட்டிய பிறகு நஞ்சுப் பக்கத்துக் கொடியிலிருந்து, நஞ்சு வெளிவருவதற்கு முன்போ வந்த உடனோ எடுங்கள். 3 நிமிடம் பொறுத்தாலும் பரிசோதனைக்கு வேண்டிய ரத்தம் அதில் இருக்கும். வெட்டிய நுனியைப் பாட்டிலில் பிழியாதீர்கள். கொடியின் மேற்புறத்தைத் துடைத்துவிட்டு, சிரையில் ஊசியைச் செருகி சிரிஞ்சில் இழுங்கள். பிழிந்தால் கொடியைச் சுற்றியுள்ள கூழ் ரத்தத்தோடு கலந்து, லேபில் செல்கள் ஒட்டிக்கொண்டு பொய்யாக பாசிட்டிவ் காட்டும். தாயின் பெயர், பிறந்த நேரம், எடுத்த நேரம் மூன்றையும் குழாயில் எழுதுங்கள். குழந்தை பாசிட்டிவ் பிரிவு, தாய்க்கு எதிர்ப்பொருள் இல்லை என்றால் தாய்க்கு ஆன்டி டி ஊசி (எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) 300 மைக்ரோகிராம், 72 மணி நேரத்துக்குள்.

பச்சிளங்குழந்தை_வார்டு

கேஸ் ஷீட்டில் "தாமதித்து வெட்டப்பட்டது: ஆம்" என்று டிக் செய்ய ஒரு கட்டம் மட்டும் வைக்காதீர்கள் சிஸ்டர். பிறந்த நேரம், கிளாம்ப் போட்ட நேரம் என்று நொடியோடு இரண்டு இடம் விடுங்கள். 3 நிமிடத்துக்குக் குறைந்திருந்தால் காரணம் எழுத ஒரு வரி. மூன்றாம் நாள் மஞ்சளோடு குழந்தை வரும்போது அந்த எண் எங்களுக்கு வேண்டும்.